நோய்த்தணிப்புப் பராமரிப்பில் டெலிரியம்: ஆபத்துக் காரணிகளைத் தேடும் முறை

டெலிரியம் என்பது சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ தோன்றி, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் மாறிக்கொண்டிருக்கும் மூளைச் செயல்பாட்டுக் குழப்பம் ஆகும். அதில் முதலில் சிதைவது கவனம், அதாவது ஒன்றின்மேல் மனத்தை நிறுத்தவும் தேவைப்படும்போது மற்றொன்றுக்குத் திருப்பவும் வேண்டிய திறன். அதனுடன் இடமும் நேரமும் தெரியாமற்போதல், உறவினரை அடையாளம் காணத் தவறுதல், இல்லாததைக் காணுதல், தொடர்பின்றிப் பேசுதல், பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். முதுமை மறதி நோயான டிமென்ஷியா மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வளர்வது. டெலிரியமோ நேற்று வரை தெளிவாகப் பேசியவரை இன்று மாலைக்குள் மாற்றிவிடும். வீடுகளில் இதைச் சன்னி கண்டுவிட்டது என்றும், நினைவு தப்பிப் பேசுகிறார் என்றும், பிதற்றுகிறார் என்றும் சொல்வார்கள். இச்சொற்களில் ஏதேனும் ஒன்று குடும்பத்தாரின் வாயிலிருந்து வந்தால், அதைக் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற ஒரு மருத்துவ அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு, எப்போது தொடங்கியது என்ற கேள்வியைச் செவிலியர் உடனே கேட்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான நோயுள்ளவரின் வலியையும் பிற துன்பங்களையும் குறைத்து, அவர் குடும்பத்தையும் தாங்குவதை நோக்கமாகக் கொண்ட நோய்த்தணிப்புப் பராமரிப்பில் டெலிரியம் மிகப் பரவலானது. உள்நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான கட்டுரை ஒன்று, சேர்க்கப்படும்போதே 13 முதல் 42 விழுக்காட்டினரிடமும், இறப்புக்கு முந்தைய வாரங்களில் அல்லது மணி நேரங்களில் 59 முதல் 88 விழுக்காட்டினரிடமும் அது காணப்பட்டதாகக் கூறுகிறது. இவ்வளவு பரவலாக இருப்பதாலேயே, இது கடைசிக் கட்டத்தின் இயல்பு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் குடும்பங்களிடம் மட்டுமின்றி மருத்துவப் பணியாளர்களிடமும் வேரூன்றியுள்ளது. அந்த எண்ணம் தவறு என்பதற்குச் சான்று உண்டு. கனடாவின் எட்மன்டன் நகரில் முற்றிய புற்றுநோய் கொண்ட 104 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தோன்றிய டெலிரியங்களில் ஏறக்குறைய பாதி சரியாயின. பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்திருந்தன. மனநிலையைப் பாதிக்கும் மருந்துகளாலும் நீரிழப்பாலும் வந்தவை சரியாகும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. ஆகவே ஆபத்துக் காரணிகளை அறிந்துகொள்வதன் பயன், யாருக்கு டெலிரியம் வரும் என்று முன்கூட்டிச் சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. வந்துவிட்ட டெலிரியத்தில் விலக்கக்கூடிய பகுதி எது என்று கண்டுபிடிப்பதே அதன் முதன்மையான பயன்.

இவ்வாறு தேடுவதை வலியுறுத்த மற்றொரு வலுவான காரணமும் உள்ளது. நியூயார்க்கில் டெலிரியத்திலிருந்து மீண்ட 101 புற்றுநோயாளிகளிடம் கேட்டு 2002இல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் அந்த அனுபவத்தை நினைவுகூர்ந்தனர். அது கடும் வேதனையாக இருந்ததாகவும் கூறினர். உடனிருந்த வாழ்க்கைத்துணைவரின் வேதனை அதைவிடவும் அதிகமாக இருந்தது. அவருக்கென்ன தெரியப்போகிறது என்று நோயாளியின் காதுபடவே பேசுவதும், பிதற்றலைத் தானே அடங்கும் என்று விட்டுவிடுவதும் எவ்வளவு பெரிய அநீதி என்பதை இந்தக் கண்டறிதல் உணர்த்துகிறது.

அமைதியான டெலிரியம்

காரணங்களைத் தேடத் தொடங்குமுன் டெலிரியம் கண்ணில் பட வேண்டும். கட்டிலிலிருந்து இறங்க முயலுதல், மூக்குக் குழாயைப் பிடுங்குதல், கத்துதல் என்று வெளிப்படும் கிளர்ச்சி வகை எவர் கண்ணுக்கும் தப்பாது. ஆனால் நோய்த்தணிப்புப் பராமரிப்பில் மிகுதியாக இருப்பது அமைதி வகை: நோயாளி பேச்சைக் குறைத்துக்கொள்கிறார், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்கிறார், பாதிச் சாப்பாட்டில் கையில் கவளத்தோடு அப்படியே இருந்துவிடுகிறார், பகலெல்லாம் கண்மூடிக் கிடக்கிறார். வீட்டில் இதை அசதி என்றோ, மனமுடைந்துவிட்டார் என்றோ, இன்றைக்குத்தான் தொந்தரவின்றித் தூங்குகிறார் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள்; மனச்சோர்வு என்று கருதி மாத்திரை தொடங்கப்படுவதும் உண்டு. இரண்டு வகையும் கலந்து, பகலில் ஒடுங்கியும் இரவில் கிளர்ந்தும் இருப்பவர்களும் பலர்.

ஐயம் வந்தால் இரண்டு எளிய வழிகள் போதுமானவை. உடனிருப்பவரிடம், இவர் வழக்கத்தைவிட இப்போது அதிகக் குழப்பமாக இருப்பதாகத் தோன்றுகிறதா என்ற ஒரே கேள்வியைக் கேட்பது முதல் வழி. தினமும் பார்ப்பவரின் கண் எந்த அளவுகோலையும் விட முன்னதாகவே மாற்றத்தைப் பிடித்துவிடும். கவனத்தை நேரடியாகச் சோதிப்பது இரண்டாவது வழி: மாதங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொல்லலாம், பள்ளிப்படிப்புக் குறைந்தவரிடம் சனி, வெள்ளி, வியாழன் என்று கிழமைகளைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். நாக்கு, கன்னம், குரல்வளைப் புற்றுநோயால் பேச்சிழந்தவர் தமிழ்நாட்டுப் பராமரிப்புப் பட்டியல்களில் குறைவல்லர். அவர்களிடம் ஒரு குறிப்பிட்ட எழுத்து காதில் விழும்போதெல்லாம் கையை அழுத்துமாறு சொல்லி, பத்து எழுத்துகளை நிதானமாகச் சொல்லிப் பார்த்தால் கவனச்சிதைவு தெரிந்துவிடும்.

இரண்டு அடுக்குக் காரணிகள்

டெலிரியத்தின் காரணிகளை, ஒருவரிடம் முன்பே இருந்து மூளையை எளிதில் குழப்பமடையச் செய்யும் அடித்தளக் காரணிகள் என்றும், புதிதாக நிகழ்ந்து குழப்பத்தைத் தொடங்கிவைக்கும் தூண்டு காரணிகள் என்றும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் முறையை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முதியோர் மருத்துவர் ஷாரன் இனோய் 1990களில் நடத்திய ஆய்வுகள் நிலைநிறுத்தின. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் தன்மை கொண்டவை: அடித்தளம் உறுதியான நாற்பது வயதுக்காரரைக் குழப்ப ஒரு பெரும் தொற்று தேவைப்படலாம், மறதி நோயுள்ள எண்பது வயது மூதாட்டிக்கு ஒரு தூக்க மாத்திரையோ நான்கு நாள் மலச்சிக்கலோ போதும். எனவே, இவ்வளவு சிறிய விஷயத்தாலா இப்படி ஆனது என்று வியந்து அதை ஒதுக்கிவிடாமல், அடித்தளம் எவ்வளவு பலவீனமோ அவ்வளவு சிறிய தூண்டுதலையும் தேட வேண்டும் என்பதே இப்பகுப்பிலிருந்து பெற வேண்டிய செய்முறைப் பாடம்.

அடித்தளக் காரணிகளில் 65ஐக் கடந்த வயது, ஏற்கெனவே உள்ள மறதி நோய் அல்லது அறிவாற்றல் குறைவு, முன்பு ஒருமுறை டெலிரியம் வந்திருத்தல், பார்வைக் குறைவு, காது கேளாமை, பார்க்கின்சன் நோய், பழைய பக்கவாதம், மூளைக்குப் பரவிய புற்றுநோய், நீண்ட கால மதுப்பழக்கம், சிறுநீரகம் அல்லது கல்லீரலின் நாள்பட்ட செயற்குறைவு, உடல் இளைத்துப் படுக்கையோடு முடங்கிய நிலை ஆகியவை முக்கியமானவை. இவற்றில் பெரும்பாலானவற்றை மாற்ற முடியாது. ஆயினும் முதல் சந்திப்பிலேயே குறிப்பேட்டில் பதிந்துவைத்தால், புதிய மருந்து எழுதும்போதும் இடம் மாற்றும்போதும் யாரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். மாற்றக்கூடியவை இரண்டு உண்டு, அவை பெரும்பாலும் அலமாரியிலேயே கிடக்கின்றன: கண்ணாடி, காது கேட்கும் கருவி. இனி எங்கே படிக்கப்போகிறார் என்று எடுத்துவைக்கப்பட்ட கண்ணாடியை மீண்டும் அணிவித்த பிறகு, சுவரில் அசையும் நிழலை ஆள் என்று கண்டு அஞ்சுவது குறையக்கூடும்.

மருந்துகள்

தூண்டு காரணிகளில் முதலில் தேட வேண்டியவை மருந்துகள். அவையே மிகப் பரவலானவை, அவற்றையே மிக எளிதாக மாற்றவும் முடியும். கனடாவின் கியூபெக்கில் மருத்துவமனையில் சேர்ந்த 261 புற்றுநோயாளிகளைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வு, பென்சோடயசெபின் வகைத் தூக்க, பதற்ற மருந்துகள், ஸ்டிராய்டுகள், ஓபியாய்டு வகை வலிநிவாரணிகள் ஆகிய மூன்றும் அளவு கூடும்போது டெலிரிய ஆபத்தை உயர்த்துவதைக் காட்டியது. முதல் சந்திப்பில் மருந்துச் சீட்டை மட்டும் பார்ப்பது போதாது. தலையணைக்கு அடியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் உள்ள எல்லாப் பட்டைகளையும் பாட்டில்களையும் ஒரு தட்டில் கொட்டச் சொல்லி, எது, யார் எழுதியது, எப்போதிலிருந்து, நேற்று உண்மையில் எத்தனை கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். புற்றுநோய் மருத்துவர், நீரிழிவு மருத்துவர், தெருமுனை மருத்துவர் என்று மூவர் எழுதிய சீட்டுகள் ஒன்றுசேரும் இடம் அந்த வீடுதான் என்பதை மறக்கலாகாது.

அல்பிரசோலம், லோராசெபம், டயசெபம் முதலிய பென்சோடயசெபின்கள் உறக்கத்துக்காக எழுதப்பட்டு, பிறகு எவரும் மறுபரிசீலனை செய்யாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்பவை. உடல் இளைத்த முதியவரிடம், குறிப்பாக நீண்ட நேரம் உடலில் தங்கும் டயசெபம், நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் டெலிரியத்தைக் கண்டவுடன் இவற்றை ஒரே நாளில் நிறுத்திவிடுவதும் ஆபத்தானது. பழகிய மூளை திடீர் நிறுத்தத்தாலேயே டெலிரியத்துக்கும் வலிப்புக்கும் உள்ளாகும் என்பதால், மருத்துவர் சொல்லும் படிநிலையில் குறைப்பதே முறை. விழுங்க முடியாமற்போனதால் பழைய மாத்திரைகள் எல்லாம் தாமாக நின்றுபோன நோயாளிக்கு இரண்டு மூன்று நாள்கள் கழித்துக் குழப்பம் வந்தால், நின்றுபோன மருந்து எது என்று கேட்பதும் இதே காரணத்தால்தான். மதுப்பழக்கமுள்ளவர் நோயால் மது அருந்த இயலாமற்போய் 48 முதல் 72 மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் அச்சம் தரும் காட்சிகளும் தோன்றினால் அதுவும் ஒரு நிறுத்த விளைவே. அவமானத்துக்கு அஞ்சிக் குடும்பம் மறைக்கக்கூடிய இத்தகவலைத் தனியாக அழைத்து, குற்றம் சாட்டும் தொனியின்றிக் கேட்டறிய வேண்டும்.

அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் அடுத்த பெருங்குழு. கவனத்துக்கும் நினைவுக்கும் அந்த வேதிப்பொருள் இன்றியமையாதது. ஆகவே அதைத் தடுக்கும் மருந்துகள் ஒவ்வொன்றும் சிறு அளவில் இருந்தாலும் ஒன்றுசேர்ந்து சுமையாகின்றன. நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், ஒவ்வாமைக்கும் சளிக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின், வாந்திக்கும் உறக்கத்துக்கும் கொடுக்கும் ப்ரோமெத்தசின், நடுக்கத்துக்கான ட்ரைஹெக்ஸிபெனிடில், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபுட்டினின் ஆகிய அனைத்தும் இக்குழுவைச் சேர்ந்தவை. குடல் பிடிப்புக்கும் தொண்டைச் சளிக்கும் ஹையோசின் தேவைப்படும்போது, மூளைக்குள் நுழையும் ஹைட்ரோபுரோமைடு வடிவத்தைவிட, அவ்வளவாக நுழையாத பியூட்டில்புரோமைடு வடிவமோ கிளைகோபைரோலேட்டோ பாதுகாப்பானது. நாட்டு மருந்தும் கேள்விப் பட்டியலில் இடம்பெற வேண்டும். ஊமத்தையில் அட்ரோபினும் ஸ்கோபோலமினும் இயற்கையாகவே உள்ளன, அது சேர்ந்த எந்தத் தயாரிப்பும் வறண்ட நாக்கு, விரிந்த கண்பாவை, வேகமான நாடித்துடிப்பு ஆகியவற்றோடு டெலிரியத்தை உண்டாக்கவல்லது. அதைக் கொடுத்ததற்காகக் குடும்பத்தைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை உண்மை வெளிவராது.

டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டிராய்டுகள் மூளைக்கட்டி வீக்கத்துக்கும், தண்டுவட அழுத்தத்துக்கும், பசியின்மைக்கும் கொடுக்கப்படுகின்றன. அவை உறக்கத்தைக் கெடுத்து, இரத்தச் சர்க்கரையை உயர்த்தி, நேரடியாகவும் மனக்கிளர்ச்சியைத் தோற்றுவிக்கும். மாலையில் கொடுக்கும் வேளையைக் காலைக்கோ நண்பகலுக்கோ மாற்றுவதும், பயன் முடிந்தபின் மருத்துவர் வழிகாட்டலில் குறைப்பதும் எளிய தடுப்புகள். மெட்டோகுளோப்ரமைடு, ஹாலோபெரிடால் ஆகிய வாந்தி மருந்துகள் சிலரிடம் ஓரிடத்தில் உட்கார முடியாத உள்துடிப்பை உண்டாக்கும். அது கிளர்ச்சி டெலிரியம்போலத் தோன்றி, மேலும் ஹாலோபெரிடால் கொடுக்கப்பட்டு இன்னும் மோசமாகும் வாய்ப்புண்டு.

மார்ஃபின் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் இங்கு இரு பக்கமும் தவறு நிகழ்கிறது. மார்ஃபின் தொடங்கும்போதும் அளவு உயரும்போதும் சில நாள்கள் மயக்கமும் இலேசான குழப்பமும் வரலாம். பெரும்பாலும் அவை அடங்கிவிடும். மார்ஃபின் கல்லீரலில் மாற்றமடைந்து உருவாகும் குளுக்குரோனைடுகள் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுபவை. சிறுநீரகம் தளர்ந்தால், நேற்று வரை பொருந்திய அதே அளவு இன்று மிகையாகிவிடும். கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய பெண்களிடம் கட்டி இரு சிறுநீர்நாளங்களையும் நெருக்கி அடைப்பதால் இந்நிலை அடிக்கடி வருகிறது: சிறுநீர் குறைகிறது, கை கால் தசைகள் திடீர் திடீரென்று உதறுகின்றன, மென்மையாகத் தொட்டாலும் வலிக்கிறது, கண்முன் பூச்சிகளும் ஆட்களும் தெரிகின்றனர். வலி கூடிவிட்டது என்று நினைத்து மார்ஃபினை மேலும் உயர்த்துவது இவ்வேளையில் மிகக் கொடிய தவறு. வலி அடங்கியிருந்தால் அளவைக் குறைப்பது, இல்லையெனில் சிறுநீரகத்தை அவ்வளவாகச் சாராத ஃபெண்டனில் போன்ற வேறு ஓபியாய்டுக்கு மாற்றுவது, தகுந்தவருக்கு நீரூட்டுவது ஆகியவற்றை மருத்துவர் முடிவு செய்வார். மறுபக்கத்தில், தணிக்கப்படாத வலியும் டெலிரியத்தின் ஒரு தூண்டு காரணியே. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மார்ஃபின் நெடுங்காலம் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் மருத்துவப் பயன்பாட்டுக்கான உரிம நடைமுறையை எளிதாக்கியபோதும் அதைப் பற்றிய அச்சம் இன்னும் நீங்கவில்லை. குழப்பம் வந்துவிட்டது என்பதற்காக மார்ஃபினை முற்றிலும் நிறுத்திவிட்டு, பாராசிட்டமாலோடு ஒருவரை வலியில் துடிக்க விடுவதற்கு எந்த மருத்துவ நியாயமும் இல்லை.

உடலுக்குள் தேட வேண்டியவை

வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனைகள் சில உள்ளன. மருத்துவர் வரும்வரை காத்திருக்காமல் அவற்றைச் செய்துவிடலாம். முதலாவது விரல் நுனிச் சர்க்கரைச் சோதனை. நீரிழிவு பரவலாக உள்ள தமிழ்நாட்டில், சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்ட பிறகும் பழைய அளவிலேயே கிளிமிபிரைடோ இன்சுலினோ தொடர்வது சாதாரணமாக நடக்கிறது. 70 மில்லிகிராமுக்குக் கீழே சரிந்த சர்க்கரை, டெலிரியம் என்று கருதப்பட்டு இரவு முழுதும் கவனிக்கப்படாமல் போனால் மூளைக்கு மீளாத சேதம் உண்டாகக்கூடும். அடுத்தது அடிவயிறு: தொப்புளுக்குக் கீழே கைவைத்துப் பார்த்தால் நிறைந்து புடைத்த சிறுநீர்ப்பை தெரியும், மார்ஃபினும் அமிட்ரிப்டிலினும் சேர்ந்த இடத்தில் சிறுநீர்த் தேக்கம் எளிதில் வருகிறது. மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கேள்விக்கு, தினமும் தண்ணீர்போலப் போகிறது என்ற பதில் வந்தால் நிம்மதியடையக் கூடாது. கட்டிபட்ட மலத்தைச் சுற்றிக் கசியும் நீர்மலமாகவும் அது இருக்கலாம். கல்லீரல் தளர்ந்தவரிடம் மலச்சிக்கல் இன்னும் ஆபத்தானது, குடலில் தேங்கும் அம்மோனியா மூளைக்குச் சென்று குழப்பத்தைத் தருவதால் லாக்டுலோஸ் கொடுத்து நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் போகச் செய்வதே அங்கு மருந்து. விரல் நுனிக் கருவியால் ஆக்சிஜன் அளவையும் பார்த்துக்கொள்ளலாம்.

தொற்று எப்போதும் காய்ச்சலோடு வருவதில்லை. முதியவரிடமும், ஸ்டிராய்டோ வேளைதோறும் பாராசிட்டமாலோ எடுத்துக்கொள்பவரிடமும் காய்ச்சலின்றியே நுரையீரல் தொற்று, சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண் அழுகல் ஆகியவை குழப்பத்தை முதல் அறிகுறியாகக் காட்டக்கூடும். ஆகவே நோயாளியைப் புரட்டி முதுகையும் குதிகாலையும் பார்க்காமல் தேடல் நிறைவடையாது.

இரத்தச் சோதனையால் மட்டுமே அறியக்கூடியவற்றில் கால்சியம் மிகை முதலிடம் பெறுகிறது. மார்பகம், நுரையீரல், தலை கழுத்துப் புற்றுநோய்களிலும், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவிலும் அது மிகுதியாக வருகிறது. தாகம், அடிக்கடிச் சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், பிறகு மந்தம், குழப்பம் என்ற வரிசையில் தோன்றும் அதன் அறிகுறிகள் ஒவ்வொன்றும் புற்றுநோயாளியிடம் வேறு காரணத்தாலும் வரக்கூடியவை என்பதால் எளிதில் தவறவிடப்படுகின்றன. ஆய்வக அறிக்கையில் உள்ள கால்சியம் இயல்பாகத் தோன்றினாலும் ஆல்புமின் குறைந்திருந்தால் திருத்தம் செய்ய வேண்டும்: 4இலிருந்து ஆல்புமின் அளவைக் கழித்து, வருவதை 0.8ஆல் பெருக்கி, அறிக்கையின் கால்சியத்தோடு கூட்ட வேண்டும். கால்சியம் 10.2, ஆல்புமின் 2 என்றால் உண்மையான மதிப்பு 11.8, அது சிகிச்சைக்குரியது. உப்பு நீரேற்றமும் சோலெட்ரோனிக் அமிலமும் கொடுத்தபின் தெளிவு திரும்பச் சில நாள்கள் பிடிக்கும் என்பதைக் குடும்பத்துக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது. சோடியக் குறைவு, யூரியா உயர்வு, கடும் இரத்தசோகை ஆகியவையும் அதே இரத்த மாதிரியில் தெரிந்துவிடும்.

நீரிழப்பு குறித்து ஒரு நிதானம் தேவை. குழப்பமடைந்த நோயாளிக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்வது பெரும்பாலான குடும்பங்களின் முதல் கோரிக்கை; அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் உள்ள அன்பு மதிக்கத்தக்கது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கால்சியம் மிகை, மார்ஃபின் நச்சுநிலை ஆகியவற்றோடு வரும் நீரிழப்பில் நீரேற்றம் பயன் தரும். இரத்தக்குழாய் கிடைக்காதபோது தோலுக்கடியில் செலுத்தும் முறையை வீட்டிலும் செய்யலாம். ஆனால் இறப்பை நெருங்கிய 129 புற்றுநோயாளிகளிடம் நாளொன்றுக்கு 1,000 மில்லிலிட்டரையும் 100 மில்லிலிட்டரையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அறிகுறிகளிலோ ஆயுளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நெடுநாள் உண்ணாதவருக்கும் மதுப்பழக்கமுள்ளவருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது, அக்குறைபாட்டால் வரும் மூளைப் பாதிப்பைத் தீவிரப்படுத்தக்கூடும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சூழலும் கையாளும் முறையும்

இனோய் 1996இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களிடம் டெலிரியத்தைத் தூண்டியவையாக ஐந்தை இனங்கண்டது: உடலைக் கட்டிவைத்தல், ஊட்டக்குறைவு, மூன்றுக்கு மேற்பட்ட புதிய மருந்துகள் சேர்தல், சிறுநீர்க் குழாய், சிகிச்சையால் நேர்ந்த ஏதேனும் ஒரு பாதிப்பு. இவற்றில் பெரும்பாலானவை பராமரிப்போர் கையாலேயே நிகழ்பவை என்பது கசப்பானாலும் ஏற்க வேண்டிய உண்மை. மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார் என்று கைகளைத் துணியால் கட்டில் சட்டத்தில் கட்டுவது வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் நல்லெண்ணத்தோடேயே நடக்கிறது. அதனால் அச்சமும் போராட்டமும் கூடி டெலிரியம் ஆழமாகிறது. கட்டுவதற்கு முன், அக்குழாய் இன்னும் தேவைதானா என்ற கேள்வியை எழுப்ப வேண்டும்; தேவையெனில் ஒருவர் அருகில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்வதே மாற்று.

இரவில் மங்கலான ஒரு விளக்கு, பகலில் திறந்த சன்னல், பார்வை படும் இடத்தில் பெரிய எழுத்து நாள்காட்டியும் கடிகாரமும், இரவு மருந்து வேளைகளை இயன்றவரை ஒன்றாக்கி உறக்கத்தைக் காப்பது, தெரிந்த ஒரே முகம் உடனிருப்பது என்னும் இவை செலவில்லாதவை. கடைசியாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஊரிலிருந்து உறவினர்கள் கூட்டமாக வந்து, என்னைத் தெரிகிறதா, நான் யார் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரும் கேட்பது நோயாளியைக் களைப்படையச் செய்யும். வருபவரே தம் பெயரையும் உறவையும் சொல்லிப் பேசத் தொடங்கினால் நோயாளிக்கு அந்தச் சிரமம் இல்லை. இறந்துபோன தாயோ கணவரோ வந்து அருகில் நிற்பதாக நோயாளி சொல்வதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மற்றபடி தெளிவாகவும் அமைதியாகவும் இருப்பவர், கனவிலோ அரைத்தூக்கத்திலோ கண்டதாக ஆறுதலோடு சொன்னால் அதை டெலிரியம் என்று கருதி மருந்து கொடுக்கத் தேவையில்லை. அதே காட்சியோடு அச்சமும் கவனச்சிதைவும் சேர்ந்திருந்தால், நேரம் வந்துவிட்டது என்று ஒதுங்கிவிடாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

கிளர்ச்சியை அடக்க மருந்து ஒன்று கொடுத்துவிட்டால் தேடல் தேவையில்லை என்று எண்ணுவோருக்கு, ஆஸ்திரேலியாவில் நோய்த்தணிப்புப் பராமரிப்பில் இருந்த 247 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஓர் எச்சரிக்கை. ரிஸ்பெரிடோன் அல்லது ஹாலோபெரிடால் பெற்றவர்களின் டெலிரிய அறிகுறிகள், வெற்று மருந்து பெற்றவர்களுடையதைவிட அதிகமாகவே இருந்தன; எல்லாக் குழுவினருக்கும் காரணங்களுக்கான சிகிச்சையும் சூழல் கவனிப்பும் அளிக்கப்பட்டிருந்தன. நோயாளிக்கோ மற்றவருக்கோ தீங்கு நேரும் அளவுக்குக் கிளர்ச்சி உள்ளபோதும், தாங்க இயலாத துன்பம் உள்ளபோதும் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு அம்மருந்துகளுக்கு இடமுண்டு.

எவ்வளவு தேடலாம்

எல்லாக் காரணத்தையும் எல்லாரிடமும் தேடுவது நோய்த்தணிப்புப் பராமரிப்பின் நோக்கத்துக்கே முரணானது. சென்ற வாரம் வரை நடமாடிக்கொண்டிருந்தவருக்கு வந்த புதிய குழப்பத்தில் இரத்தச் சோதனைக்காகவும், தேவையெனில் தலை ஸ்கேனுக்காகவும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது நியாயமானது. சில வாரங்களாக நாளுக்கு நாள் தளர்ந்து, விழுங்குவது நின்று, கைகால் குளிர்ந்து, மூச்சு இடைவெளி விட்டு வருபவரை ஆம்புலன்ஸில் ஏற்றி நாற்பது கிலோமீட்டர் கொண்டுபோவது அவருக்கு எதையும் தராது. இடைப்பட்டவர்களே அதிகம், அவர்களிடம், கண்டுபிடித்தால் சரிசெய்யும் விருப்பமும் வசதியும் உள்ளதா, அதற்கான சிரமத்தை நோயாளி ஏற்பாரா, தெளிவாக இருந்த காலத்தில் அவர் என்ன சொல்லியிருந்தார் என்ற கேள்விகளைக் குடும்பத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டும். அவர் விருப்பத்தை நோயின் தொடக்கத்திலேயே கேட்டுப் பதிந்துவைப்பது அவசியமாவது இதனால்தான்.

மூளையில் பரவிய கட்டி, முற்றிய கல்லீரல் செயலிழப்பு, ஆக்சிஜன் குறைவால் நேர்ந்த மூளைப் பாதிப்பு ஆகியவற்றால் வரும் டெலிரியம் மீள்வது அரிது. அந்த நிலையிலும் சிறுநீர்ப்பை, மலம், வலி, வறண்ட வாய், தேவையற்ற மாத்திரைகள் ஆகிய ஐந்தையும் நாள்தோறும் பார்ப்பது நிற்கக் கூடாது, ஏனெனில் இறக்கும் தறுவாயில் உள்ளவரின் அமைதியின்மைக்கும் நிறைந்த சிறுநீர்ப்பை போன்ற எளிய காரணம் இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் நோய்த்தணிப்புச் சேவையும் அடங்கியுள்ளது. ஒரு வீட்டுக்கு இரு வருகைகளுக்கு இடையே பல நாள்கள் இருக்கும் இத்தகைய அமைப்பில், கண்காணிப்பு முழுவதும் குடும்பத்தின் கையில்தான் உள்ளது. அதனால் செவிலியர் கிளம்புமுன், உடனிருப்பவரிடம் ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுப்பது நல்ல வழக்கம்: இந்நோயாளிக்கு உள்ள அடித்தளக் காரணிகள், தற்போது கொடுக்க வேண்டிய மருந்துகள், கொடுக்கவே கூடாத மருந்துகள், மலம் கழித்த நாளைக் குறிக்க ஒரு கட்டம், பேச்சோ உறக்கமோ ஒரே நாளில் மாறினால் அழைக்க வேண்டிய எண், இரவில் அழைக்கவும் தயங்க வேண்டாம் என்ற ஒரு வரி.